பகோடா ஸ்ட்ரீட்டில் பகோடா எங்கே?

சிங்கப்பூர்த் தெருப்பெயர்களைப் பற்றிக் கேட்கலாம் என்று போன இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சைனாடவுனைப் பற்றியவை. அதிலும் பெரும்பாலானவர்கள் ஒரே ஒரு தெருவைத்தான் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த மாதப் பக்கங்களை அந்தத் தெருவுக்கும் அதன் அக்கம்பக்கத்துக்கும் ஒதுக்கிவிட்டேன். 1969இல் தபால்காரனாக வேலைக்குச் சேர்ந்தவன் நான். முதல் 11 வருடங்கள் அந்த வட்டாரத்தில்தான் கடிதம் கொடுத்தேன். மாடிப்படி மாடிப்படியாக ஏறி இறங்கிப் பழகிய தெருக்கள் அவை. அவற்றைப் பற்றி எழுதுவது சொந்த ஊரைப் பற்றி எழுதுகிற மாதிரிதான்.

மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் வந்திருந்தபோது சைனாடவுன் போனோம். பகோடா ஸ்ட்ரீட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தும் ஒரு பகோடாவைக்கூடக் காணோம். அங்கிருந்த கடைக்காரர், ‘பழைய புத்தர் கோயில் ஏதாவது இருந்து இடிந்திருக்கும்’ என்றார். அப்படியா ஐயா?
*(திருச்சியிலிருந்து ஒரு வாசகி)*

இடியவில்லை அம்மா. நீங்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். உள்ளே போய் ஒரு கும்பிடும் போட்டிருப்பீர்கள். தெரு சவுத் பிரிட்ஜ் ரோட்டில் போய் முடிகிற முனையில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருக்கிறதே, அதுதான் அந்தப் பகோடா.

இன்றைக்குப் பகோடா என்றால் நம் மனதில் பர்மாவும் சீனாவும் ஜப்பானும் வருகின்றன. அடுக்கடுக்காகக் கூரை போட்ட பௌத்தக் கோபுரம் கண்ணில் நிற்கிறது. 200 வருடங்களுக்கு முன்னால் ஆங்கிலேயர் வாயில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு குறுகிய பொருள் கிடையாது. சென்னைப் பட்டணத்துக் கும்பெனிக்காரர்கள் நம் ஊர்க் கோயில் எதைப் பார்த்தாலும் பகோடா என்றுதான் எழுதினார்கள். கோயில் முழுவதும் பகோடா, அதன் கோபுரமும் பகோடா. மாமல்லபுரத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘செவன் பகோடாஸ்’, அதாவது ஏழு கோயில்கள். கொனாரக் சூரியன் கோயில் அவர்களுக்கு ‘பிளாக் பகோடா’. வங்கக் கடலின் அந்தக் கரையில் பழகிய வாய்தான் கப்பலேறி இந்தக் கரைக்கு வந்தது. சீனர்கள் குடியிருந்த தெருவின் முனையில் ஒரு மாரியம்மன் கோயிலைக் கண்டதும் அதே சொல்லைத் தெருவுக்கு வைத்துவிட்டது.

சொல்லின் வேரையும் பார்த்துவிடலாம். ஆங்கிலேயருக்கு இது போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. போர்த்துகீசியருக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதில் இரண்டு கட்சி உண்டு. ‘புத்கதா’ என்ற பாரசீகச் சொல் என்பார்கள் ஒரு சாரார். சிலை இருக்கும் வீடு என்று அதற்குப் பொருள். நம் ‘பகவதி’தான் மருவிப் பகோடா ஆயிற்று என்பார்கள் மற்றவர்கள். என் மனம் பகவதிப் பக்கம் சாய்கிறது. அது சரியாக இருந்தால், அம்மன் பெயரே உலகம் சுற்றி அம்மன் வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் இன்று பார்க்கும் கோபுரம் 1925இல் எழும்பியது. அதற்கு முன்னால் 1903இல் கட்டிய மூன்று நிலைக் கோபுரம் இருந்தது. தெருப்பெயர் இரண்டையும்விட மூத்தது. ஆகவே உயர்ந்த கோபுரத்தைப் பார்த்து வைத்த பெயர் என்று வழிகாட்டிகள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயர் கோயிலைப் பார்த்து வந்தது. கோபுரம் பின்னால் வளர்ந்து பெயருக்குப் பொருத்தமாக நின்றது.

கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது. தெருமுனைப் பலகையில் ஆங்கிலத்துக்குக் கீழே சீனத்தில் ‘பாவ் தா ஜியே’ என்று எழுதியிருக்கும். ‘பாவ் தா’ என்றால் பௌத்தக் கோபுரம். ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் இருந்த பொருளைப் போட்டுவிட்டார்கள். அதைப் படிக்கிற சீனர், இங்கே புத்தர் கோபுரம் ஒன்று இருந்திருக்கும் என்று நினைப்பது இயல்புதானே.

பழைய காலத்தில் பகோடா என்று ஒரு காசு இருந்ததாகப் பாடத்தில் வந்தது. அந்தக் காசும் தெருவும் ஒன்றா? எங்கள் வீட்டில் பண்ணும் பக்கோடாவும் ஒன்றா?
*(பிடோக்கிலிருந்து உயர்நிலை முதலாம் ஆண்டு மாணவர்)*

காசுக்கும் தெருவுக்கும் ஒரே சொல்தான் தம்பி. நம்மவர்கள் வராகன் என்று சொன்ன பொற்காசைத்தான் வெள்ளைக்காரர்கள் பகோடா என்றார்கள். காசில் சாமி உருவம் பொறித்திருந்ததால் அந்தப் பெயர். பின்பக்கம் நட்சத்திரம் போட்டது நட்சத்திரப் பகோடா. ஒரு பகோடாவுக்கு 42 பணம் (பணம் என்பது அப்போது ஒரு சிறு காசின் பெயர்), ரூபாய்க் கணக்கில் மூன்றரை ரூபாய். 1818இல் சென்னை மாகாணத்தில் ரூபாயே கணக்கு நாணயம் ஆனதும் பகோடா வழக்கொழிந்தது. அடுத்த வருடம், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் இங்கே வந்து இறங்கினார்.

அம்மா பண்ணும் பக்கோடா வேறு வம்சம். ‘பக்வ’ என்றால் சமைத்தது, ‘வட’ என்றால் உருண்டை. வடக்கே பகோரா என்பதும் அதுதான்.

சீனர் பேட்டைக்கு நட்டநடுவில் மாரியம்மன் கோயில் எப்படி வந்தது? தேக்கா பக்கம் கட்டியிருக்கலாமே?
*(ஈப்போவிலிருந்து ஒரு வாசகர்)*

தேக்காவில், அதாவது இன்றைய லிட்டில் இந்தியாவில், நம்மவர்கள் கூட்டமாகக் குடியேறியது பிற்பாடு நடந்தது. கோயில் அதற்கெல்லாம் முந்தியது.

நாராயண பிள்ளை என்பவர் பினாங்கில் இருந்தார். 1819 மே மாதம் ராஃபிள்ஸ் இரண்டாவது முறையாகச் சிங்கப்பூருக்கு வந்தபோது ‘இந்தியானா’ கப்பலில் அவரும் கூட வந்தார். வந்த இடத்தில் வீடு கட்டச் செங்கல் இல்லை என்று கண்டு சூளை போட்டார். பினாங்குக்கு ஆளனுப்பிக் கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். இந்த ஊரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர் அவர்தான். அப்புறம் துணி வியாபாரத்தில் இறங்கினார். 1822இல் தீப்பிடித்துக் கடை போயிற்று. கடன் கழுத்தை நெரித்த நேரத்திலும் கோயிலுக்கு இடம் கேட்பதை அவர் விடவில்லை. அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என்னை உலுக்குவது இந்த விஷயம்தான்.

முதலில் கொடுத்த இடம் தெலுக் ஆயர் பக்கம். கடலோரம், நல்ல தண்ணீர் கிடையாது. அபிஷேகத்துக்குத் தண்ணீர் இல்லாமல் கோயில் எப்படி? வேண்டாம் என்றார். 1821இல் இன்றைய ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் ஓரமாக ஓர் இடம் கிடைத்தது. அதற்கு அடுத்த வருடமே நகரத் திட்டம் வந்து, அந்த நிலம் வேறு காரியத்துக்கு என்று கோடு போட்டுவிட்டார்கள். 1823இல்தான் இப்போதுள்ள இடம் கைக்கு வந்தது. 1827இல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் கோயில் எழும்பியது. சின்ன அம்மனைப் பிள்ளை பிரதிஷ்டை செய்தார். இன்றும் மூலஸ்தானத்தில் இருப்பது அந்த அம்மன்தான். 1862, 1863 வாக்கில் செங்கல் கட்டடம் வந்தது.

‘சீனர் பேட்டைக்குள்’ என்று நீங்கள் கேட்டதற்குப் பதில் அந்த நகரத் திட்டத்தில் இருக்கிறது. 1822இல் ராஃபிள்ஸ் ஊரை இனவாரியாகப் பிரித்து வரையச் சொன்னார். லெப்டினன்ட் ஜாக்சன் வரைந்த படம் அது. ஆற்றுக்குத் தென்மேற்கே சீனக் கம்பம், அதாவது சீனக் குடியிருப்பு. சூலியா கம்பம் ஆற்றோரமாக இன்னும் உள்ளே தள்ளி. படத்தில் கோடு நேராக இருந்தது. ஆனால் பிழைக்க வந்தவர்கள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே தங்கினார்கள். படகுக்காரர், மூட்டை தூக்குபவர், வட்டிக்கடைச் செட்டியார், பால்காரர் எல்லோரும் இந்தப் பக்கம்தான். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள கிராஸ் ஸ்ட்ரீட்டை அக்காலத் தமிழர்கள் பால்கடைச் சடக்கு என்றார்கள், சடக்கு என்றால் சாலை. மார்க்கெட் ஸ்ட்ரீட், செட்டித் தெரு. நாகப்பட்டினத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் கப்பலில் வந்து இறங்கியவனுக்கு முதல் வேலை கிடைக்கும்வரை கோயில்தான் தங்குமிடம். ‘ரஜூலா’ கப்பலில் வந்த என் அப்பாவும் முதல் சில இரவுகள் அந்தப் பிரகாரத்தில் படுத்திருந்ததைப் பல தடவை சொல்லியிருக்கிறார். கோயிலுக்குப் பக்கத்தில் இவர்களைப் போலவே கடலைத் தாண்டி வந்த சீனர்கள் நெருக்கமாகக் குடியேறினார்கள். கோயில் சீனர் பேட்டைக்குள் நுழைந்தது என்பதைவிட, கோயிலைச் சுற்றிப் பேட்டை வளர்ந்தது என்பதே நடந்ததற்குப் பொருத்தம்.

சீனர்களும் அதைப் பகோடா ஸ்ட்ரீட் என்றுதான் சொன்னார்களா?
*(காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர்)*

இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் திணறியதே இதில்தான்.

ஹாங்காங்கிலிருந்து வரும் உறைகளில் சிலவற்றில் முகவரி முழுக்கச் சீனத்தில் இருக்கும். பிரிக்கும் இடத்தில் ஒரு சீன நண்பர் பென்சிலால் ஓரத்தில் ஆங்கிலத் தெருப்பெயரை எழுதித் தருவார். அவர் விடுப்பில் போன வாரம் ஒரு கட்டுக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றேன். பகோடா ஸ்ட்ரீட்டில் அப்போது தையல் கடைகள் அதிகம். ஒரு கடையில் கான்டனிஸ் பேசும் வயதான தையல்காரர் இருந்தார். என்னை உட்காரவைத்து, சுண்ணக்கட்டியால் வெட்டுப் பலகைமேல் தெருக்களை வரைந்து ஒவ்வொன்றுக்கும் அவர்கள் பெயரைச் சொன்னார். நான் தமிழில் எழுதிக்கொண்டேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பகோடா ஸ்ட்ரீட் அவர்களுக்கு ‘குவாங் ஹப் யூன் காய்’. ‘காய்’ என்றால் தெரு. குவாங் ஹப் யூன் ஒரு கடையின் பெயர். 37ஆம் எண் வீட்டில் இருந்ததாகக் கருதப்படுகிறது. என்ன கடை என்று கேட்டதும் தையல்காரர் உடனே பதில் சொல்லவில்லை. அப்புறம், ‘ஆள் கடை’ என்றார்.

சீனாவிலிருந்து வரும் கூலிகளைக் கொண்டுவந்து அடைத்துவைக்கும் இடம் அது. கப்பல் கூலி கொடுக்கக் கையில் காசில்லாதவனைத் தரகன் கடனுக்கு ஏற்றிக்கொண்டு வருவான். இங்கே வந்ததும் அந்தக் கடனை அடைத்து அவனை எடுத்துக்கொள்ள ஒரு முதலாளி கிடைக்கும்வரை வீட்டுக்குள் பூட்டிவைப்பார்கள். அப்புறம் தகரச் சுரங்கம், மிளகுத் தோட்டம், துறைமுகம். இப்படி வந்தவர்களைச் சீனர்களே ‘பன்றிக்குட்டி’ என்ற சொல்லால் குறித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தெரு முழுக்க அந்த வியாபாரமும் அபின் கடைகளும்தான். நம் தோட்டத்து மக்கள் கங்காணியிடம் பட்ட கடனையும் கப்பலில் பட்ட பாட்டையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நம்மவன் அம்மன் பிரகாரத்தில் படுத்திருந்தான், அந்தப் பக்கம் சீனக் கூலி பூட்டிய அறையில் படுத்திருந்தான். ஆங்கிலேயர் தெருவைக் கோயிலால் அறிந்தார்கள். உள்ளே அடைபட்டவர்கள் கதவால் அறிந்தார்கள். எனக்கு இரண்டு பெயரும் வேண்டும்.

தையல்காரரின் பலகையில் இருந்த மற்றவற்றையும் சொல்கிறேன். சவுத் பிரிட்ஜ் ரோடு ‘தாய் மா லோ’, பெரிய குதிரைச் சாலை. ஸ்மித் ஸ்ட்ரீட் ‘ஹேய் யூன் காய்’, நாடகக் கொட்டகைத் தெரு. 1887இல் கட்டிய லாய் சுன் யூன் என்ற கான்டனிஸ் இசைநாடகக் கொட்டகை அங்கே இருந்தது. ஸ்மித் என்பது ஆளுநர் செசில் கிளமென்ட்டி ஸ்மித்தின் பெயர், ஆனால் அந்தத் தெருவில் குடியிருந்தவர்களுக்கு ஆளுநர் யார், எவர்? கொட்டகையை வைத்தே சுற்றுவட்டாரம் முழுவதற்கும் பெயர் போட்டுவிட்டார்கள். டிரெங்கானு ஸ்ட்ரீட் கொட்டகைப் பக்கவாட்டுத் தெரு. டெம்பிள் ஸ்ட்ரீட் கொட்டகைப் பின்தெரு. நம் ஊரிலும் ‘சினிமாக் கொட்டகைச் சந்து’ என்றால் போதாதா, அதே கணக்குத்தான். சேகோ லேனுக்கு மட்டும் அவர் சொன்ன பெயர் கனமானது: ‘செய் யன் காய்’, பிணத் தெரு. சாகக் கிடப்பவர்களைக் கொண்டுவந்து வைக்கும் வீடுகள் அங்கே இருந்தன. குடும்பம் இல்லாமல் பலகைத் தடுப்புக்குள் ஒண்டியிருந்த கூலிகளுக்குக் கடைசி நேரத்தில் வேறு போக்கிடம் இல்லை. 1961இல் அந்த வீடுகளுக்குத் தடை வந்தது. நான் தபால் கொடுக்கப் போன காலத்திலும் அந்தச் சந்தின் வழியாக நடக்கப் பலர் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

டெம்பிள் ஸ்ட்ரீட் எந்தக் கோயிலின் பெயர்? அங்கே புதிதாகப் பெரிய புத்தர் கோயில் இருக்கிறதே, அதுவா?
*(உட்லண்ட்சிலிருந்து ஒரு வாசகி)*

அதுவும் மாரியம்மன் கோயில்தான் அம்மா. கோயிலுக்கு ஒரு பக்கம் பகோடா ஸ்ட்ரீட், மறுபக்கம் டெம்பிள் ஸ்ட்ரீட். நீங்கள் சொல்லும் புத்தர் பல் கோயில் 2007இல் திறந்தது. அது இன்னும் தள்ளி, சேகோ ஸ்ட்ரீட் பக்கம் இருக்கிறது.

இந்தத் தெருவுக்கு முதலில் அல்மெய்டா ஸ்ட்ரீட் என்று பெயர். ஜோவாகிம் டி அல்மெய்டா என்ற போர்த்துகீசியருக்கு இங்கே நிலம் இருந்தது. அந்தக் குடும்பத்தின் பெயரில் ஊரில் வேறு தெருவும் இருந்ததால் குழப்பம் வந்து, 1908இல் நகராட்சி இதை டெம்பிள் ஸ்ட்ரீட் என்று மாற்றியது. ஒரே பெயரில் இரண்டு தெரு இருந்தால் கடிதம் என்ன பாடுபடும் என்று தெரிந்தவன் நான். அந்த முடிவு எடுத்தவர்களுக்கு நன்றி.

அதே வரிசையில் மாஸ்க் ஸ்ட்ரீட் என்று இருக்கிறது. அந்தப் பள்ளிவாசல் நம் பக்கத்து மக்கள் கட்டியது என்று என் பாட்டனார் சொல்வார். விவரம் தெரியுமா காக்கா?
*(நாகூரிலிருந்து ஒரு வாசகர்)*

உங்கள் பாட்டனார் சொன்னது சரி தம்பி. ஜாமிஆ பள்ளிவாசல், சூலியா பள்ளி என்றும் பெயர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைத்தான் இங்கே சூலியா என்றார்கள். அன்சார் சாஹிப் என்பவர் முன்னின்று 1826இல் எழுப்பினார். மாரியம்மன் கோயிலுக்கு ஒரு வருடம் மூத்தது. இப்போதுள்ள கட்டடம் 1830க்கும் 1835க்கும் இடையில் வந்தது. எண்கோண மினார்கள் இரண்டு, நடுவில் சின்னஞ்சிறு வாசல்களும் சாளரங்களும் வைத்த ஒரு மாளிகை முகப்பு. வெளிவாசல் சாலையைப் பார்த்து நேராக நிற்கும். உள்ளே தொழுகைக் கூடம் மட்டும் கொஞ்சம் திரும்பி மக்காவை நோக்கியிருக்கும். அடுத்த தடவை போனால் அந்தத் திருப்பத்தைக் கவனியுங்கள்.

தமிழர்கள் இதைப் பெரிய பள்ளி என்றார்கள். தெலுக் ஆயரில் உள்ள அல் அப்ரார் பள்ளிவாசலுக்குக் குச்சுப் பள்ளி என்று பெயர். 1827இல் அது குச்சு வீடாகத்தான் தொடங்கியது. அதே தெருவில் உங்கள் ஊர் ஆண்டவர் பெயரால் நாகூர் தர்காவும் 1828இல் ஆரம்பித்து 1830இல் முடிந்தது. அதற்குச் சில அடி தள்ளித்தான் ஹொக்கியன் சீனர்களின் தியான் ஹொக் கெங் கோயில்.

இந்த இடத்தில் நான் ஒன்றை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். சைனாடவுனில் மாஸ்க், பகோடா, டெம்பிள் என்று அடுத்தடுத்து மூன்று தெருக்கள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. மூன்றின் பெயரும் தமிழர் கட்டிய இரண்டு வழிபாட்டு இடங்களிலிருந்து வந்தவை. நம் பிள்ளைகள் அங்கே போய்ச் சிவப்பு விளக்குகளைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பெயர்ப் பலகையைத் தலை நிமிர்ந்து படிக்க யாராவது சொல்லித்தர வேண்டும்.

எம்ஆர்டி ரயில் நிலையத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் சைனாடவுன் என்றிருக்கிறது. சீனத்தில் வேறு ஏதோ பொருள் வருவதாக என் சீனத் தோழி சொன்னாள். என்ன அது?
*(செங்காங்கிலிருந்து ஒரு வாசகி)*

மாட்டுவண்டித் தண்ணீர். ‘நியூ சே ஷுய்’ என்று மாண்டரினில் சொல்வார்கள். ஹொக்கியனில் ‘கூ சியா சுவீ’. கான்டனிசில் ‘ஙாவ் சே சொய்’. தமிழில் ஙகரத்தில் தொடங்கும் சொல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அவர்கள் மாட்டையே ஙகரத்தில் கூப்பிடுகிறார்கள். தையல்காரர் சொல்ல நான் அந்த எழுத்தில் எழுதியதைப் பார்த்து என் மனைவி அதிசயப்பட்டாள்.

மலாய்ப் பெயர் கிரேத்தா ஆயர். அதற்கும் தண்ணீர் வண்டி என்றே பொருள். குழாய் வராத காலத்தில் ஆன் சியாங் குன்றுப் பக்கத்துக் கிணறுகளிலிருந்தும் ஸ்பிரிங் ஸ்ட்ரீட்டிலிருந்தும் தண்ணீரை மாட்டுவண்டியில் ஏற்றி வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். சைனாடவுன் என்பது வெளியிலிருந்து பார்த்தவர்கள் வைத்த பெயர். சீனருக்குத் தங்கள் பேட்டையைச் சீனப் பேட்டை என்று சொல்ல என்ன தேவை? அவர்களுக்குத் தண்ணீர்தான் முக்கியம். தெலுக் ஆயரில் நல்ல தண்ணீர் இல்லை என்று நாராயண பிள்ளை இடத்தை மறுத்ததை இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்கிறேன். அபிஷேகத்துக்கும் கஞ்சிக்கும் வேண்டியது ஒரே தண்ணீர்தானே.

பகோடா ஸ்ட்ரீட் என்ற தப்பான பெயரை மாரியம்மன் கோயில் தெரு என்று மாற்றச் சொல்லி நாம் மனு கொடுத்தால் என்ன?
*(பெயர் குறிப்பிடாத வாசகர்)*

கொடுக்க வேண்டாம் என்பேன். உங்கள் ஆதங்கம் புரிகிறது, ஆனால் அது தப்பான பெயர் இல்லை. நம் கோயிலுக்கு அன்றைக்கு வழங்கிய பெயர். மாற்றினால் அந்தச் சாட்சி போய்விடும்.

மாற்ற வேண்டிய பெயரும் இருந்தது, மாற்றவும் செய்தார்கள். ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கத்தில் கிளிங் ஸ்ட்ரீட் என்று ஒன்று இருந்தது. கலிங்கம் என்பதிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சொல் ஆரம்பத்தில் தென்னாட்டாரைக் குறிக்கும் சாதாரணச் சொல்தான். காலப்போக்கில் அது வசைச்சொல் ஆகிவிட்டது. 1921இல் அந்தத் தெரு சூலியா ஸ்ட்ரீட் ஆனது. அது நியாயமான மாற்றம். அந்தச் சொல்லால் கூப்பிடப்பட்ட வலி என் அப்பாவுக்குக் கடைசிவரை இருந்தது. பகோடா அப்படி யாரையும் புண்படுத்தும் சொல் இல்லை. கேட்பதாக இருந்தால் வேறொன்றைக் கேளுங்கள். தெருமுனையில் நான்கு மொழியிலும் ஒரு சின்ன விளக்கப் பலகை வைத்து, ‘பகோடா என்பது இந்த மாரியம்மன் கோயில்’ என்று ஒரே வரி எழுதச் சொல்லுங்கள். அதற்கு நான் முதல் கையெழுத்துப் போடுகிறேன்.

தீபாவளிக்கு முன்னால் குடும்பத்தோடு சிங்கப்பூர் வருகிறோம். பகோடா ஸ்ட்ரீட்டை எப்படிப் பார்ப்பது?
*(கோவையிலிருந்து ஒரு வாசகர்)*

நல்ல நேரம் பார்த்து வருகிறீர்கள். தீபாவளிக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்னால் கோயிலில் தீமிதி. சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து பக்தர்கள் நடந்து வந்து இங்கே பூக்குழி இறங்குவார்கள். பக்கத்துச் சீனக் கடைக்காரர்கள் வாசலில் நின்று பார்ப்பதையும், சிலர் கைகூப்புவதையும் நீங்கள் காணலாம். தீமிதிக்கு அன்று கூட்டம் அதிகம். தெருவைப் பார்க்க வேறொரு நாளில், காலை ஏழரைக்குள் போய்விடுங்கள். கடைகள் திறந்து சாமான்களை வெளியே அடுக்கிவிட்டால் வீடுகளின் முகப்பு மறைந்துவிடும்.

சைனாடவுன் எம்ஆர்டியில் ‘ஏ’ வாசல் வழியாக ஏறினால் பகோடா ஸ்ட்ரீட்டில்தான் தலை நீட்டுவீர்கள். மெதுவாக நடங்கள். 48ஆம் எண்ணில் சைனாடவுன் மரபுடைமை நிலையம் 2002இல் திறந்தது. பழைய கடைவீடுகளை எடுத்து, தையல்காரர் கடையையும் மேல்மாடிப் பலகைத் தடுப்பு அறைகளையும் இருந்தது இருந்தபடி காட்ட அமைத்தது. ஓர் ஆள் கை நீட்டினால் இரண்டு பக்கத் தடுப்பும் தட்டும். அப்படிப்பட்ட அறைகளின் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கடிதம் கொடுத்தவன் நான்.

அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் ரோட்டைப் பார்த்து நடந்தால் வலது கைப் பக்கம் கோயில் மதில் வரும். மேலே மாடுகள் வரிசையாகப் படுத்திருக்கும். ஓட்டுக்கூரைகள் முடிகிற இடத்தில் கோபுரத்தின் பக்கவாட்டு உருவங்கள் தெரியத் தொடங்கும். பேரப்பிள்ளைகள் கூட இருந்தால் அந்த இடத்தில் நிறுத்தி, தெருப்பலகையையும் கோபுரத்தையும் ஒருசேரக் காட்டுங்கள். கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனால், அர்ச்சனைச் சீட்டு கொடுப்பவர் எந்த ஊர் என்று கேட்பார்.